ஒரே அட்டவணை, மூன்று விடைகள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவற்றில் நிபந்தனைகள் கோக்கப்பட்டிருக்கும் விதத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. வாரியத்துக்கு ஒருவர் பெயரைக் குடத்தில் இடவேண்டுமானால் அவருக்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கவேண்டும். வயது வரம்புக்குள் இருக்கவேண்டும். மந்திர பிராமணம் கற்றிருக்கவேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றாலும், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று எடுத்துரைக்க வல்லவராயின் அவருக்கும் வழியுண்டு. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. இவை பிராமண நிலவுடைமையாளர்களின் சபை வகுத்த விதிகள். ஊரில் பெரும்பாலோரும் பெண்கள் அனைவரும் இதற்கு வெளியேதான் நிறுத்தப்பட்டிருந்தார்கள். அதைச் சொல்லாமல் இந்தக் கல்வெட்டைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் விதியின் தர்க்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. நிலத்துக்கு இத்தனை மதிப்பெண், படிப்புக்கு இத்தனை மதிப்பெண் என்று கூட்டிப் பார்க்கவில்லை. இதுவும் இதுவும் சேர்ந்திருந்தால் தகுதி, அல்லது அதுவும் அதுவும் சேர்ந்திருந்தால் தகுதி, இன்னது இருந்தால் தகுதியில்லை என்று சேர்க்கைகளாகவே சிந்தித்திருக்கிறார்கள்.

சமூக ஆய்வில் இதே தர்க்கத்தைத் தலைகீழாக ஓட்டும் முறை ஒன்று உண்டு. விதியை வைத்து ஆளைத் தேர்வதற்குப் பதிலாக, நடந்து முடிந்தவற்றை வைத்து விதியைத் தேடுவது. அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ல்ஸ் ரேகின் 1987-இல் வெளியிட்ட நூலில் இதை முன்வைத்தார். பண்புசார் ஒப்பீட்டுப் பகுப்பாய்வு என்று தமிழில் சொல்லலாம். ஆய்வாளர்கள் சுருக்கமாகக் க்யூசிஏ என்கிறார்கள். ஏரிப் பாசனம் போன்ற பொருளுக்கு இது மிகவும் ஏற்றது. ஏரியில் எந்தக் காரணமும் தனியாக வேலை செய்வதில்லை. மதகைப் புதுப்பித்தாலும் வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால் பயனில்லை. வரத்துக்கால் சரியாக இருந்து ஏரி நிரம்பினாலும், முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி என்ற ஆள் இல்லாவிட்டால் தலைமடைக்காரர் வயல் நிறையும், கடைமடை காயும். அதே சமயம் ஒரே பலன் இருவேறு வழிகளில் கிடைப்பதும் உண்டு: ஆற்று நீர் வரும் ஏரி ஒரு வழியில் பிழைக்கும், மழையை மட்டும் நம்பிய ஏரி வேறொரு வழியில் பிழைக்கும். சராசரியாக ஒவ்வொரு காரணமும் எவ்வளவு பங்களிக்கிறது என்று கேட்கும் வழக்கமான புள்ளியியல், இந்த இரண்டு உண்மைகளையும் சிரமப்பட்டுத்தான் பிடிக்கிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருக்கும்போது பெரிய புள்ளியியலே போதாதா என்று கேட்கலாம். பரப்பு, கொள்ளளவு, ஆயக்கட்டு ஆகியவற்றுக்கு அரசுப் பதிவேடு உண்டு. இரவில் மதகை யார் திறக்கிறார்கள், அபராதம் உண்மையிலேயே வசூலாகிறதா என்பதற்குப் பதிவேடு கிடையாது. ஊரில் தங்கிக் கேட்டறிந்தால்தான் தெரியும். அப்படி இருபது, முப்பது ஏரிகளைத்தான் ஓர் ஆய்வுக்குழு பார்க்கமுடியும். அந்த நடுத்தர எண்ணிக்கைக்கு என்றே உருவான முறை இது.

பாசனத்துக்கு இதைப் பயன்படுத்திய நல்ல முன்மாதிரி நேபாளத்தில் இருக்கிறது. பொருளியல் நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரமும் வாய் ஃபங் லாமும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, சிந்துபால்சோக் மாவட்டத்தின் 19 பாசன அமைப்புகளை எடுத்துக்கொண்டது. 1980-களில் அங்கே வெளியுதவியுடன் வாய்க்கால்கள் சீரமைக்கப்பட்டன. சில அமைப்புகளில் பலன் நிலைத்தது, சிலவற்றில் கரைந்துபோனது. தொடர்ந்த கட்டுமான உதவி, எழுதப்பட்ட விதிகள், அபராதம், நிலையான தலைமை, பராமரிப்பில் கூட்டுழைப்பு ஆகிய ஐந்து நிபந்தனைகள் எந்தெந்தச் சேர்க்கையில் பலன் தந்தன என்று பார்த்தார்கள். கணக்கு எளியது. ஒவ்வொரு நிபந்தனையும் உண்டு அல்லது இல்லை என்றால், ஐந்து நிபந்தனைகளுக்கு 32 சேர்க்கைகள். ஒவ்வொரு சேர்க்கையையும் ஒரு வரிசையாக எழுதினால் கிடைப்பது மெய் அட்டவணை. 19 அமைப்புகள் ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்தாலும் குறைந்தது 13 வரிசைகள் காலி. உலகில் இருக்கக்கூடிய, ஆனால் நம் கண்ணில் படாத சேர்க்கைகள் அவை. இந்தக் காலி வரிசைகளை என்ன செய்வது என்ற கேள்வியில்தான் மென்பொருள்கள் பிரிகின்றன.

மென்பொருள் என்றதும் நேர்காணல்களைத் தொகுத்துக் குறியிட உதவும் என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்க்யூடிஏ ஆகியவற்றை நினைக்கவேண்டாம். அவை வேறு வேலைக்கானவை. இங்கே பேசப்படுபவை மெய் அட்டவணையைத் தர்க்கமுறையில் சுருக்கும் கருவிகள். ரேகினும் ஷான் டேவியும் உருவாக்கிய எஃப்எஸ்க்யூசிஏ அதிகம் புழங்குவது. இலவசம், சன்னல்களில் சொடுக்கி இயக்கலாம். லாஸே க்ரான்க்விஸ்ட் உருவாக்கிய டாஸ்மானாவும் அப்படியே. ஆர் என்ற திறந்தநிலைப் புள்ளியியல் மொழியில் ருமேனியாவின் அட்ரியன் டூஷா எழுதிப் பராமரிக்கும் க்யூசிஏ தொகுப்பு இருக்கிறது. அதன்மேல் கட்டப்பட்ட செட்மெத்தட்ஸ் இருக்கிறது. மைக்கேல் பாம்கார்ட்னரின் தர்க்கப்படி இயங்கும் சிஎன்ஏ இருக்கிறது. கட்டண மென்பொருளான ஸ்டேட்டாவிலும் 2008-இலேயே ஒரு துணைநிரல் வந்துவிட்டது. இவற்றில் எது வசதியானது என்று ஒப்பிடுவதே வழக்கம். என் கருத்தில் அது இரண்டாம்பட்சமான கேள்வி. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஆய்வாளர் எடுக்கவேண்டிய சில முடிவுகள் முன்கூட்டியே எடுக்கப்பட்டோ மறைக்கப்பட்டோ இருக்கின்றன. அந்த முடிவுகளை எந்தக் கருவி வெளியே தெரியும்படி வைக்கிறது என்பதே அதன் தரம்.

மிகச் சிறிய இடத்திலிருந்து தொடங்கலாம். ஒரே சேர்க்கையைக் கொண்ட ஏழு ஏரிகள் இருக்கின்றன. ஆறில் சம்பா முடியும்வரை கடைமடைக்குத் தண்ணீர் போனது, ஒன்றில் போகவில்லை. இந்தச் சேர்க்கை பலனுக்குப் போதுமானது என்று சொல்லலாமா? ஆறு வகுத்தல் ஏழு, அதாவது 0.857 என்பது இதன் இசைவு அளவு. எஃப்எஸ்க்யூசிஏ அட்டவணையைக் குறியிடும் சன்னலில் தானாகக் காட்டும் வரம்பு 0.8, ஆகவே இந்த வரிசை வெற்றியாகக் குறிக்கப்படும். ஆர் மொழியின் க்யூசிஏ தொகுப்பில் எதையும் மாற்றாமல் விட்டால் வரம்பு 1. அதே வரிசை தோல்வியாகக் குறிக்கப்படும். ஏழில் ஆறு ஏரிகள் வென்ற சேர்க்கை ஒரு கருவியில் வெற்றி, இன்னொன்றில் தோல்வி. கவனமுள்ள ஆய்வாளர் இதைக் கைப்பட மாற்றிக்கொள்வார் என்பது சரிதான். மாற்றினேன், இன்ன காரணத்துக்காக மாற்றினேன் என்பதை வாசகர் சரிபார்க்க வழியிருக்கிறதா என்பதே கேள்வி.

காலி வரிசைகளின் சிக்கல் இன்னும் ஆழமானது. அதற்கு ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். செய்யாற்றை ஒட்டிய காவாந்தண்டலத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து 14 ஏரிகளை ஓர் ஆய்வு எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மூன்று நிபந்தனைகள்: நீர்க்கட்டி இருக்கிறாரா, பாசன சங்கத்துக்கு நிதி சேர்கிறதா, ஏரிக்கு ஆற்று வரத்து உண்டா. எட்டு ஏரிகளில் நீர்க்கட்டியும் இருக்கிறார், நிதியும் சேர்கிறது. அவற்றில் ஐந்துக்கு ஆற்று வரத்து உண்டு, மூன்றுக்கு இல்லை. எட்டிலும் கடைமடை நனைந்தது. மற்ற ஆறு ஏரிகளில் நீர்க்கட்டியும் இல்லை, நிதியும் இல்லை. அவற்றிலும் சிலவற்றுக்கு ஆற்று வரத்து உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஆறிலும் கடைமடை காய்ந்தது. எட்டு வரிசைகள் கொண்ட அட்டவணையில் நான்குதான் நிரம்பியிருக்கின்றன. நீர்க்கட்டி இருந்து நிதி இல்லாத ஏரியோ, நிதி இருந்து நீர்க்கட்டி இல்லாத ஏரியோ நம் கையில் ஒன்றுகூட இல்லை.

இப்போது சுருக்கிப் பாருங்கள். ஆற்று வரத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் மாறவில்லை, ஆகவே அது கழிந்துபோகும். இதில் எல்லோருக்கும் சம்மதம். காலி வரிசைகளைத் தொடவே மாட்டேன் என்றால் விடை: நீர்க்கட்டியும் நிதியும் சேர்ந்திருந்தால் கடைமடை நனையும். விடையை முடிந்தவரை சுருக்குவேன், அதற்காகக் காலி வரிசைகளை எப்படி வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்வேன் என்றால் விடை: நீர்க்கட்டி இருந்தால் போதும். அதே சுருக்கத்தை மறுபக்கமிருந்து செய்தால் விடை: நிதி இருந்தால் போதும். மூன்றும் தர்க்கப்படி பிழையற்றவை. மூன்றும் அதே 14 ஏரிகளோடு முழுமையாக ஒத்துப்போகின்றன. ஆனால் முதல் விடையை நம்பும் அரசு இரண்டையும் சேர்த்துக் கட்டும். இரண்டாவதை நம்பினால் நீர்க்கட்டிக்குச் சம்பளம் கொடுத்து நிறுத்திக்கொள்ளும். மூன்றாவதை நம்பினால் சங்கத்தின் கணக்கில் பணம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இரு காரணங்களும் முற்றாகப் பின்னிக் கிடக்கும்போது எது வேலை செய்கிறது என்பதை இந்தத் தரவு சொல்லாது. அதை ஒப்புக்கொண்டு மூன்றையும் வாசகர்முன் வைக்கும் கருவியே இங்கே நேர்மையான கருவி.

கருவிகள் என்ன செய்கின்றன? எஃப்எஸ்க்யூசிஏ மூன்று வகை விடைகளைக் கணிக்கிறது: காலி வரிசைகளைத் தொடாத சிக்கலான விடை, கடைசிவரை சுருக்கிய சிக்கன விடை, ஆய்வாளரின் எதிர்பார்ப்புகளைக் கேட்டு அவற்றுக்கு ஒத்த காலி வரிசைகளை மட்டும் பயன்படுத்தும் இடைநிலை விடை. இந்த மூன்றையும் அருகருகே தருவது பெரிய நன்மை. ஆனால் மேலே பார்த்ததுபோல் சிக்கன விடையில் சமநிலை ஏற்பட்டால் ஒரு சன்னல் எழும்பி, நீர்க்கட்டியா நிதியா என்று ஆய்வாளரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஒன்றைச் சொடுக்கினால் மற்றது கட்டுரையில் வராமலே போகலாம். எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்று சொடுக்கினால் இரண்டும் ஒரே விடையின் இரு உறுப்புகளாக அச்சாகும். அதைப் படிப்பவர், பலனுக்கு இரண்டு தனித்தனி வழிகள் இருப்பதாக எடுத்துக்கொள்வார். இரண்டில் ஒன்று, எது என்று தெரியவில்லை என்பதற்கும் இரண்டுமே வழிகள் என்பதற்கும் இடையே மலையளவு வேறுபாடு இருக்கிறது. டூஷாவின் தொகுப்பு இந்த இடத்தில் முதல் மாதிரி, இரண்டாம் மாதிரி என்று தனித்தனியாக எண்ணிட்டு அச்சிடுகிறது. மறைக்க விரும்பினாலும் மறைக்க முடியாது. இப்படிப் பல மாதிரிகள் சமமாக நிற்கும் சிக்கலை பாம்கார்ட்னரும் ஆல்ரிக் தீமும் 2017-இல் விரிவாக எழுதினார்கள். வெளியான பல ஆய்வுகள் அந்தப் பன்மையை வாசகருக்குச் சொல்லவில்லை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். தீமும் டூஷாவும் 2013-இல் அன்றிருந்த மென்பொருள்களை ஒப்பிட்டு ஒரு மதிப்பாய்வு வெளியிட்டபோது, ஒப்பிடப்பட்ட தொகுப்புகளில் ஒன்று அவர்களுடையதே. பின்னால் இருவரும் பிரிந்தார்கள். சிக்கன விடைதான் காரணத்தைச் சொல்லும் என்பது தீமின் நிலை, மற்ற விடைகளுக்கும் பொருளுண்டு என்பது டூஷாவின் நிலை. சிஎன்ஏ சிக்கன விடையைத் தவிர வேறெதையும் தேடுவதில்லை. ஆக, எந்தக் கருவியைத் திறந்தாலும் ஒரு கோட்பாட்டுச் சண்டையின் ஒரு பக்கத்தில் நின்றுகொண்டுதான் ஆய்வாளர் தம் வேலையைத் தொடங்குகிறார். அது தெரியாமல் தொடங்குவது ஆபத்து.

அளவீடுகளிலும் கருவிகள் வேறுபடுகின்றன. ஏரிக்கு நீர் வருவது ஆற்றிலிருந்தா, மேல் ஏரியின் கலங்கல் வழியும் உபரியிலிருந்தா, மழையிலிருந்து மட்டுமா என்று மூன்று மதிப்புகள் இருந்தால், அதை உண்டு இல்லை என்று இரண்டாக வெட்டாமல் அப்படியே ஏற்பதற்காக வந்தது டாஸ்மானா. எஃப்எஸ்க்யூசிஏவால் அது இயலாது. மறுபுறம், ஆயக்கட்டில் முக்கால் பங்கு நனைந்த ஏரியை ஓரளவு வெற்றி என்று சொல்லும் ஃபஸி கணங்களுக்காக வந்தது எஃப்எஸ்க்யூசிஏ. ஆர் தொகுப்பு இரண்டையும் கையாளும். ஆனால் ஃபஸி கணத்தில் எங்கே கோடு கிழிப்பது என்பதை எந்தக் கருவியும் சொல்லித்தராது. எத்தனை விழுக்காடு நனைந்தால் முழு வெற்றி, எது நடுக்கோடு, எதற்குக் கீழே முழுத் தோல்வி என்று மூன்று எண்களை ஆய்வாளர்தான் தரவேண்டும். உத்திரமேரூர்ச் சபையே இதைச் சந்தித்திருக்கிறது: முதல் கல்வெட்டில் 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு, இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 ஆயிற்று. கோடு நகர்ந்ததும் 32 வயதுக்காரர் வெளியே போனார், 65 வயதுக்காரர் உள்ளே வந்தார். அந்த மாற்றத்தை நாம் அறிவது, இரண்டு விதிகளும் கல்லில் இருப்பதால். எஃப்எஸ்க்யூசிஏவில் சன்னல் திறந்து எண்களை இட்டு மாற்றிக்கொண்டே போனால், கடைசித் தரவுக்கோப்பு மிஞ்சும். நடுவில் எத்தனை முறை கோடு நகர்ந்தது என்ற சுவடு மிஞ்சாது. வரம்பு எண்களையும் அனுமானங்களையும் அது வெளியீட்டில் அச்சிடுகிறது என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். ஆனால் தரவு தொடங்கி விடைவரை ஒவ்வொரு படியையும் வேறொருவர் மறுபடி ஓட்டிப் பார்க்கத்தக்க கட்டளைக்கோப்பு ஆர் வழியில்தான் தானாகவே உருவாகிறது.

சிஎன்ஏ பற்றியும் ஒரு சொல். மேலே சொன்ன கற்பனை ஏரிகளில் சங்கத்தின் நிதியிலிருந்துதான் நீர்க்கட்டிக்குக் கூலி போகிறது என்றால், நிதி நீர்க்கட்டியை நிறுத்துகிறது, நீர்க்கட்டி கடைமடையை நனைக்கிறார் என்று காரணம் சங்கிலியாக ஓடுகிறது. மற்ற கருவிகள் ஒரு பலனை மட்டும் குறித்துக்கொண்டு அதற்கு முன்னிருப்பவற்றை ஒரே தட்டில் வைக்கின்றன. சிஎன்ஏ சங்கிலியைத் தேடுகிறது. பாசனத்துக்கு இது பொருத்தமான சிந்தனை. இன்னும் அதிகமாகப் பயன்படுத்தப்படவேண்டியது.

ஆர் மொழிக்கு எதிரான முதல் மறுப்பு, அது கடினம் என்பது. காஞ்சிபுரம் மாவட்டக் கல்லூரியில் சமூகப்பணி படிக்கும் மாணவிக்குக் கட்டளை எழுதக் கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? நியாயமான கேள்வி. டூஷாவின் தொகுப்பிலேயே உலாவியில் திறக்கும் சொடுக்குமுகம் ஒன்று உண்டு. தொடங்குபவருக்கு அது போதும். தவிர, இந்தப் பகுப்பாய்வுக்குத் தேவைப்படும் கட்டளைகள் சில வரிகள்தாம். ஓனா, ஷ்னைடர், தோமன் மூவரும் 2021-இல் தொடக்கநிலையினருக்கென்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார்கள். தமிழில் அப்படியொரு கையேடு இல்லாததுதான் உண்மையான தடை. அது நம்மால் நீக்கக்கூடிய தடை. இரண்டாவது மறுப்பு, பெரும்பாலான தரவுகளில் எல்லாக் கருவிகளும் ஒரே விடையைத்தானே தருகின்றன என்பது. தரும். ஒரே வரம்பு, ஒரே அளவீடு, ஒரே வகை விடை என்று பிடிவாதமாக அமைத்தால் தரும். காலி வரிசைகள் மிகுந்து காரணங்கள் பின்னிக் கிடக்கும்போதுதான் பிரிகின்றன. ஊர்ப் பொதுச் சொத்துகள் பற்றிய ஆய்வுகளில் அதுதான் வழக்கமான நிலைமை. நல்ல சங்கம் உள்ள ஊரில் நல்ல வரத்துக்காலும் நீர்க்கட்டியும் அபராதமும் சேர்ந்தே இருக்கும். கெட்டுப்போன ஊரில் எல்லாம் சேர்ந்தே கெட்டிருக்கும்.

மூன்றாவது மறுப்பு வலுவானது. முறையே நம்பத்தகாதது, பிறகு எந்தக் கருவியாக இருந்தால் என்ன என்பது. லூகஸும் ஷட்ராவ்ஸ்கியும் 2014-இல், காரணங்கள் முன்பே தெரிந்த செயற்கைத் தரவுகளை இந்த முறையில் போட்டுப் பார்த்து, அது உண்மையான காரணங்களைக் கண்டெடுக்கத் தவறுகிறது என்றார்கள். அடுத்த ஆண்டில் க்ராக்ஸ்லண்ட், சோய், போர்ட்னர் மூவரும், வரம்பு எண்களைச் சிறிது நகர்த்தினாலே விடை மாறுவதைக் காட்டினார்கள். ரேகின் தரப்பு இதற்கு அளித்த மறுமொழி, ஊரையும் ஏரியையும் அறியாமல் எண்களை மட்டும் ஓட்டினால் எந்த முறையும் தவறும், இந்த முறை ஒவ்வொரு நேர்வுக்கும் திரும்பித் திரும்பிப் போவதை முன்னிறுத்துகிறது என்பது. எனக்கு இருதரப்பிலும் பாதி நியாயம் தெரிகிறது. களஅறிவு அவசியம் என்பது உண்மை. ஆனால் களஅறிவு உண்டு என்று சொல்லிக்கொண்டே விரும்பிய விடை வரும்வரை கோட்டை நகர்த்தவும் முடியும். இந்த விமர்சனம் சரியாக இருக்கும் அளவுக்கு, கருவித் தேர்வின் முக்கியத்துவம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. செட்மெத்தட்ஸ் தொகுப்பில் இதற்கான சோதனைகள் இருக்கின்றன: எந்த எல்லைவரை வரம்பை நகர்த்தினாலும் விடை மாறாமல் நிற்கிறது, எந்த ஏரிகள் விடையைவிட்டு விலகி நிற்கின்றன என்று அது பட்டியலிட்டுத் தரும். விலகி நிற்கும் ஏரியின் பெயர் தெரிந்தால் அந்த ஊருக்கே போய் ஏன் என்று கேட்கலாம்.

தமிழ்நாட்டில் 2000-இல் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007-இல் ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்தது. 2017 முதல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் சீரமைப்புப் பணிகள் நடந்தன. எந்தச் சேர்க்கையில் எந்த ஏரி பிழைத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க இவற்றைவிட நல்ல களம் கிடைக்காது. அப்படி ஆய்வு செய்வோருக்கு என் பரிந்துரை தெளிவானது. கற்பிக்கவும் முதல் பார்வைக்கும் எஃப்எஸ்க்யூசிஏ போதும். மூன்று மதிப்புகளைச் சொல்லித்தர டாஸ்மானா நல்லது. வெளியிடப்போகும் முடிவுக்கு ஆர் மொழியின் க்யூசிஏ தொகுப்பையும் செட்மெத்தட்ஸையும் பயன்படுத்துங்கள், சங்கிலிக் காரணம் இருக்கலாம் என்று தோன்றினால் சிஎன்ஏவையும் ஓட்டிப் பாருங்கள். சமமாக நிற்கும் மாதிரிகள் அத்தனையையும் அச்சிடுங்கள். ஏரிகளின் பெயரோடு மெய் அட்டவணையையும், கோடுகளை எங்கே கிழித்தீர்கள் என்பதையும், கட்டளைக்கோப்பையும் கட்டுரையோடு சேர்த்து வெளியிடுங்கள். அந்த அட்டவணையைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, தகவல் தந்த ஒவ்வொரு ஊரின் பாசன சங்கத்திடமும் கொடுங்கள். காலி வரிசைகளில் எது எந்த ஊரில் உண்மையிலேயே நடந்தது என்று உங்களுக்குச் சொல்லக்கூடியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.